வெயிட்டிங் லிஸ்ட் 5... கன்ஃபர்ம்!

‘ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது!’

இப்படி ஒரு செய்தி வந்தால் ஆபீஸில் என்ன நடக்கும்? “இதெல்லாம் ஒரு நியூஸா? நாம இல்லாம ஏதுங்க ஆசியக் கோப்பை?” என்று சிரித்துவிட்டு ஃபைலைப் புரட்டுவோம். தப்பில்லை. கிரிக்கெட்டில் இந்தியா தகுதி பெறுவது, கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து சேர்வது மாதிரி. மாப்பிள்ளை வராமல் முகூர்த்தம் ஏது?

ஆனால் 2025 மார்ச்சில் வந்த செய்தி கிரிக்கெட் இல்லை ஸார், கூடைப்பந்து! பஹ்ரைனுக்கே போய், அவர்கள் மண்ணிலேயே அவர்களை 81-77 என்று ஜெயித்து, சவுதி அரேபியாவின் ஜெத்தாவில் நடக்கவிருந்த ஆசியக் கோப்பைக்கு சீட் பிடித்தது இந்திய டீம். வித்தியாசம் நாலே நாலு பாயின்ட். அதாவது, இரண்டு தடவை பந்து வளையத்துக்குள் விழாமல் போயிருந்தால் கதை வேறு!

அந்த நாலு பாயின்ட்டின் மதிப்பு என்ன? ஒரு நாட்டு டீம் பெரிய போட்டிக்குள் நுழைவதற்கு என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது? இது தெரிந்தால் அடுத்த தடவை அந்தச் செய்தியை ஒரு நிமிஷம் நின்று படிப்பீர்கள். பயப்படாதீர்கள், ரயில்வே ரிசர்வேஷன் புரிந்தவருக்கு இதுவும் புரியும். கன்ஃபர்ம், ஆர்.ஏ.சி., வெயிட்டிங் லிஸ்ட், எவனோ கேன்சல் பண்ணியதால் கிடைத்த பெர்த்... எல்லாமே இதில் உண்டு!

துண்டு காயும் வளையம்

முதலில் நம்ம ஊர்.

நாஞ்சில் நாட்டில் எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் ஒரு குளம் இருக்கும், ஒரு கோவிலோ சர்ச்சோ இருக்கும், ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். பள்ளிக்கூட மைதானத்தின் மூலையில் பல இடங்களில் ஒரு கூடைப்பந்து போஸ்ட்டும் இருக்கும். நெட்? அது இருக்காது. வளையம் மட்டும் மாமனார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி லேசாகத் தலை குனிந்து நிற்கும். மத்தியான வெயிலில் யாராவது அதில் துண்டு காயப் போட்டிருப்பார்கள்.

கடலோரப் பக்கம் போனால் ஃபுட்பால்தான் மூச்சு. உள்ளே வந்தால் வாலிபால், கபடி. கூடைப்பந்து கொஞ்சம் ‘பள்ளிக்கூடத்து விளையாட்டு’. அதற்குக் காரணமும் இருக்கிறது. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் மாணவர்கள் உள்ளே அடைந்து கிடக்காமல் இருக்கக் கண்டுபிடித்த ஆட்டம் இது. 1920-ல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்துவிட்டு விசிலோடு ஊர் ஊராகப் போன பி.டி. மாஸ்டர்கள்தான் இந்த ஆட்டத்தையும் கூடவே கொண்டு போனார்கள்.

ஆக, நம்மூர்ப் பையன் 10 அடி உயரத்தில் இருக்கும் அந்த வளையத்தைப் பார்த்து முதல் பந்தை எறிகிற இடம் பள்ளிக்கூட மைதானம். அங்கிருந்து ஸ்கூல் டீம், மாவட்ட டீம், மாநில டீம். அதிலேயே சப்-ஜூனியர், யூத், ஜூனியர், சீனியர் என்று வயசுவாரியாகப் படிகள். தேசிய சாம்பியன்ஷிப்பில் யார் கண்ணிலாவது பட்டால் இந்திய கேம்ப். அந்த கேம்ப்பிலும் வடிகட்டி, கடைசியில் மேட்ச்சுக்குச் சட்டை மாட்டுகிறவர்கள் 12 பேர்தான். 140 கோடிப் பேரில் 12!

இவ்வளவு படி ஏறி வந்த 12 பேருக்கும் அதற்கப்புறம்தான் நிஜமான பரீட்சையே ஆரம்பிக்கிறது. அவர்கள் தகுதி பெற்றாகிவிட்டது. இனி நாடு தகுதி பெற வேண்டும்.

நாலு பேர் கேன்சல்!

இந்தியக் கூடைப்பந்து ஒலிம்பிக்ஸுக்குப் போயிருக்கிறதா என்று கேட்டால் பலரும் உதட்டைப் பிதுக்குவார்கள். போயிருக்கிறது ஸார். ஒரே ஒரு தடவை. 1980, மாஸ்கோ.

எப்படிப் போனோம் என்பதுதான் சுவாரஸ்யம். 1979-ல் ஜப்பானின் நகோயாவில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்தது. சீனா முதலிடம், ஜப்பான் இரண்டு, தென் கொரியா மூன்று, பிலிப்பைன்ஸ் நாலு, இந்தியா ஐந்து. ஆசிய சாம்பியனுக்குத்தான் ஒலிம்பிக் சீட். நமக்கு வெயிட்டிங் லிஸ்ட்டில் நாலு பேருக்குப் பின்னால் இடம். சாதாரணமாக இந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு யாரும் பெட்டி கட்ட மாட்டார்கள்.

சோவியத் ராணுவம் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அதைக் கண்டித்து, அமெரிக்கா மாஸ்கோவுக்கு வரமாட்டேன் என்றது. சீனா வரவில்லை. ஜப்பான் வரவில்லை. தென் கொரியா வரவில்லை. பிலிப்பைன்ஸும் வரவில்லை. வரிசையில் முன்னால் நின்ற நாலு பேரும் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிட, வெயிட்டிங் லிஸ்ட் 5 கன்ஃபர்ம்!

மாஸ்கோவில் என்ன ஆச்சு? சோவியத் யூனியனோடு 121-65 என்று தோல்வி. மொத்தம் ஏழு மேட்ச், ஏழிலும் தோல்வி. 12 டீமில் 12-வது இடம். ஏறக்குறைய பாதி ஸ்கோர்தான் அடித்தோம் என்று கேலி பண்ணலாம். ஆனால் அந்தப் பையன்கள் மோதியது உலகத்தின் உச்சாணிக் கொம்போடு. அந்த டீமின் அஜ்மீர் சிங் 1982-ல் அர்ஜுனா விருது வாங்கினார்.

கேலி பண்ண வேண்டியது அந்தத் தோல்வியை இல்லை. அதற்கப்புறம் இத்தனை வருஷமாகியும் அந்த வாசலைத் திரும்பப் பார்க்கவில்லையே, அதைத்தான்!

அக்கம்பக்கத்துப் பையன்களை ஜெயித்து...

ரொம்ப நாளைக்கு ஆசிய அளவிலான போட்டிக்குப் போவது நமக்கு அத்தனை கஷ்டமாக இல்லை. தெற்காசியாவுக்கென்று ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். நேபாளம், பங்களாதேஷ், இலங்கை, மாலத்தீவு... இப்படி அக்கம்பக்கத்து வீட்டுப் பையன்களை ஜெயித்தால் போதும், ஆசிய சாம்பியன்ஷிப் டிக்கெட் கையில். அங்கே போனதும் ஈரான், சீனா, கொரியா எல்லாம் சேர்ந்து அடித்து அனுப்பும். இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் அதே கதை.

நடுவில் மின்னல் மாதிரி சில வெளிச்சங்கள் இல்லாமல் இல்லை. 1975-ல் பாங்காக்கில் ஆசியாவில் நாலாவது இடம்; இன்றைக்கும் அதுதான் நம் ஆண்கள் டீமின் பெஸ்ட். 2014-ல் வூஹானில், சீனாவின் சொந்த மண்ணில், சீனாவை 65-58 என்று ஜெயித்தார்கள். ஆனால் மின்னலை நம்பி யாராவது வீட்டு லைட்டை அணைப்பார்களா?

2017-ல் சர்வதேச கூடைப்பந்து சம்மேளனமான ஃபீபா ஆட்டத்தையே மாற்றியது. ஓர் ஊரில் எல்லாரையும் கூட்டி ஒரு வாரத்தில் முடிக்கிற தகுதிச்சுற்றெல்லாம் போதாது என்று முடிவு கட்டியது. இனிமேல் நீ அவன் வீட்டுக்குப் போ, அவன் உன் வீட்டுக்கு வரட்டும். ஒரு க்ரூப்பில் நாலு டீம். ஒவ்வொரு எதிராளியோடும் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று. ஆளுக்கு ஆறு மேட்ச். இது ஒரே மூச்சில் நடக்காது. நவம்பர், பிப்ரவரி, ஜூன்-ஜூலை என்று அதற்கென்று ஒதுக்கிய நாட்கள் உண்டு. ‘விண்டோ’ என்பார்கள். ஜன்னல் திறந்திருக்கும்போது இரண்டு மேட்ச் ஆடி முடிக்க வேண்டும். அப்புறம் மாசக்கணக்கில் மூடிவிடும்.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஆஸ்திரேலியாவையும் நியூஸிலாந்தையும் ஆசியக் கோப்பைக்குள் சேர்த்துவிட்டார்கள். ‘அவங்க எப்பய்யா ஆசியாவுக்கு வந்தாங்க?’ என்று கேட்காதீர்கள். புதுசாகக் குடிவந்த ஆஸ்திரேலியா 2017, 2022, 2025 மூன்று கோப்பைகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வாடகைக்கு வந்தவர் வீட்டையே எழுதி வாங்கின கதை!

தோத்தாலும் ஒரு மார்க்

பி.காம். படித்த எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்தது பாயின்ட் கணக்கு. கூடைப்பந்தில் டிரா கிடையாது. சமமாக முடிந்தால் அஞ்சு அஞ்சு நிமிஷமாக ஓவர்டைம் ஆடி, யாராவது ஒருத்தர் ஜெயித்துத்தான் ஆக வேண்டும். ஜெயித்தால் 2 பாயின்ட். தோற்றால் 1. மேட்ச்சுக்கே வராமல் போனால் பூஜ்யம்.

எங்கள் தெருவில் இருக்கிற ரிட்டயர்டு பி.டி. மாஸ்டரிடம் சாயாக்கடையில் வைத்து இதைச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“தோத்தவனுக்கும் ஒரு மார்க்கா? லேய் மக்கா, இது என்னடே கணக்கு?”

“ஆமா சார். வந்து நின்னதுக்கு ஒரு மார்க்.”

“அப்பிடிச் சொல்லு! நம்ம பயலுவளுக்கு ஏத்த கணக்குதான். வந்து நிக்கதுக்குத்தான் இங்க ஆளே இல்ல பாத்துக்கோ.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் சொன்னதில் பாதி உலகக் கூடைப்பந்து அடக்கம். ‘அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டால் ஒரு பாயின்ட்’ என்பதை நாம் ஆபீஸில் தினமும் பார்க்கிறோமே! 2022 பிப்ரவரியில் இந்த ஒரு மார்க்கின் அருமை எல்லாருக்கும் தெரிந்தது. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் நியூஸிலாந்து, பிலிப்பைன்ஸ், தென் கொரியா, இந்தியா ஒரே க்ரூப். முதல் மூன்று டீம் அடுத்த சுற்றுக்கு. கொரியா டீமில் கொரோனா வந்து, அவர்கள் மணிலாவுக்கு மேட்ச் ஆடப் போகவில்லை. ஃபீபா அவர்களைத் தகுதி நீக்கம் செய்தது. மிச்சம் இருந்தது மூன்றே டீம். நியூஸிலாந்திடமும் பிலிப்பைன்ஸிடமும் தோற்ற இந்தியா அடுத்த சுற்றில்! மறுபடியும் ஒரு கேன்சல், மறுபடியும் நமக்கு பெர்த்.

இரண்டு டீம் சம பாயின்ட்டில் வந்து நின்றால்? இங்கேதான் கணக்குப்பிள்ளை வேலை. அந்த இரண்டு பேரும் மோதிய மேட்ச்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்பார்கள். ஆளுக்கு ஒன்று ஜெயித்திருந்தால், எத்தனை பாயின்ட் வித்தியாசத்தில் என்று கூட்டிக் கழிப்பார்கள். நீங்கள் வெளியூரில் 6 பாயின்ட்டில் தோற்று, சொந்த ஊரில் 19 பாயின்ட்டில் ஜெயித்தால் நீங்கள்தான் மேலே.

அதனால்தான் தோற்கிற மேட்ச்சிலும் கடைசி நிமிஷம் வரைக்கும் நாக்குத் தள்ள ஓடுகிறார்கள். 12 பாயின்ட் பின்னால் இருக்கிறவன் அதை 5 ஆக்கிவிட்டால், ஸ்கோர் போர்டில் அது தோல்வி. லெட்ஜரில் அது சேமிப்பு! டி.வி.யில் பார்க்கிற நாம் ‘அதான் தோத்தாச்சே’ என்று சேனல் மாற்றுகிற அந்த இரண்டு நிமிஷத்தில்தான் சில சமயம் ஒரு நாட்டின் தலையெழுத்தே எழுதப்படுகிறது.

இந்தக் கணக்கு முற்றிப்போய், ‘இரண்டு பாயின்ட்டில் ஜெயித்தால் போதாது, நம்ம வளையத்திலேயே நாம போட்டு மேட்ச்சை சமமாக்கி, ஓவர்டைமில் பெரிசா ஜெயிப்போம்’ என்று யாராவது கிளம்பினால் என்ன செய்வது? அதற்கும் விதி இருக்கிறது. வேண்டுமென்றே சொந்தக் கூடையில் போட்டால் அந்த பாயின்ட் செல்லாது. மனுஷ புத்தியை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இந்த ரூல் புத்தகத்தை எழுதியிருக்கிறார்கள்!

சென்னையில் ஒரு நவம்பர்

2025 ஆசியக் கோப்பைக்கு வருவோம். தகுதிச்சுற்றில் 24 டீம், ஆறு க்ரூப். இந்தியாவோடு ஈரான், கத்தார், கஜகஸ்தான். ஒவ்வொரு க்ரூப்பிலும் முதல் இரண்டு பேருக்கு கன்ஃபர்ம் டிக்கெட். மூன்றாவதாக வருகிறவர்களுக்கு ஆர்.ஏ.சி.; அதாவது இன்னொரு பரீட்சை. நாலாவதாக வந்தால் பிளாட்ஃபாரத்திலேயே டாட்டா!

ஈரான் ஆசியாவின் பழைய சாம்பியன். கத்தார் நல்ல காசும், நல்ல உயரமும் உள்ள டீம். ஆக, நமக்கு இருந்த ஒரே வழி கஜகஸ்தானைத் தாண்டி மூன்றாவது இடம்.

2024 நவம்பரில் ஜன்னல் சென்னையில் திறந்தது. ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கம். முதலில் கத்தாரிடம் தோல்வி. மூன்று நாள் கழித்து, நவம்பர் 25-ம் தேதி, கஜகஸ்தானோடு. டீமுக்கு கேப்டன் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் முயின் பேக் ஹஃபீஸ். ஸ்கோர் 88-69. பத்தொன்பது பாயின்ட் வித்தியாசத்தில் இந்தியா ஜெயித்தது!

புது முறையில் நமக்கு உண்மையான லாபம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்பெல்லாம் இந்திய டீம் எங்கோ தூர தேசத்தில் ஆடும்; மறுநாள் பேப்பரில் பொடி எழுத்தில் ஸ்கோர் வரும். இப்போது நாகர்கோவிலில் சாயங்காலம் ரயில் ஏறினால் காலையில் சென்னை. சாயங்காலம் இந்தியா ஆடுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் தன் ஆட்டத்தை ஆறேமுக்கால் அடி ஆசாமிகள் எப்படி ஆடுகிறார்கள் என்று நேரில் பார்ப்பதற்கும், செல்போனில் பார்ப்பதற்கும், சுசீந்திரம் தேரை வடம் பிடித்து இழுப்பதற்கும் போட்டோவில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

க்ரூப்பில் இந்தியா மூன்றாவது. ஆர்.ஏ.சி. கையில் வந்தது.

2025 மார்ச். பஹ்ரைனில் கடைசிப் பரீட்சை. இந்தியா, பஹ்ரைன், ஈராக்; மூன்றில் இரண்டு பேருக்கு சீட். சொந்த ஊர்க் கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவில் பஹ்ரைனை 81-77 என்று ஜெயித்தார்கள், ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த நாலு பாயின்ட். ஈராக்கும் இந்தியாவும் உள்ளே. பஹ்ரைன் வெளியே.

இதில் யாரும் கேன்சல் பண்ணவில்லை. யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. எந்த நாடும் எந்த நாட்டையும் புறக்கணிக்கவில்லை. சுத்தமான சொந்த டிக்கெட்!

ஒரு டிக்கெட்டில் இரண்டு பயணம்

ஜெத்தாவில் 2025 ஆகஸ்ட்டில் என்ன ஆச்சு என்று கேட்டால், மூன்று மேட்ச், மூன்றும் தோல்வி. ஆனால் முதல் மேட்ச்சில் ஜோர்டானை ஓவர்டைம் வரைக்கும் இழுத்துப் போய் 84-91 என்று தோற்றார்கள். 2023 உலகக் கோப்பையில் ஆடிய நாடு ஜோர்டான். நாற்பது நிமிஷம் முடிந்தபோது அவர்களும் நாமும் சமம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாலு பாயின்ட்டுக்கு இன்னொரு பலனும் உண்டு. ஆசியக் கோப்பைக்கு வந்த 16 டீம்களுக்குத்தான் 2027 உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச்சுற்றில் இடம். அதாவது பஹ்ரைன் ஜெத்தாவை மட்டும் இழக்கவில்லை. உலகக் கோப்பைக் கனவையும் அதே ராத்திரி மூட்டை கட்டி வைத்தது.

2027 உலகக் கோப்பை கத்தாரில். மொத்தம் 32 டீம். ஐரோப்பாவுக்கு 12, அமெரிக்கக் கண்டங்களுக்கு 7, ஆப்பிரிக்காவுக்கு 5. நம் பக்கத்துக்குப் போட்டி நடத்துகிற கத்தாரையும் சேர்த்து 8. தகுதிச்சுற்று 2025 நவம்பரில் தொடங்கியது. இந்தியாவின் க்ரூப்பில் லெபனான், சவுதி அரேபியா, கத்தார். முதல் மூன்று பேர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். முதல் சுற்றின் வெற்றி தோல்வியும் கூடவே மூட்டையாக வரும். இந்தியா இதுவரை ஒரு தடவைகூட உலகக் கோப்பை ஆடியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

‘போட்டியை நாமே நடத்தினால் சீட் ஃப்ரீதானே?’ என்று குறுக்குவழி யோசிக்கிறவர்களுக்கு இந்தோனேஷியா கதை. 2023 உலகக் கோப்பையை பிலிப்பைன்ஸ், ஜப்பான், இந்தோனேஷியா மூன்றும் சேர்ந்து நடத்தின. முதல் இரண்டுக்கும் நேரடி சீட். இந்தோனேஷியாவிடம் மட்டும், ‘2022 ஆசியக் கோப்பையில் முதல் எட்டுக்குள் வா, அப்புறம் பார்க்கலாம்’ என்றார்கள். அந்த ஆசியக் கோப்பையும் அவர்கள் ஊரான ஜகார்த்தாவிலேயே நடந்தது. முடியவில்லை. பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, பந்தி பரிமாறிவிட்டு, வாசலில் நின்று விருந்தாளிகளைப் பார்த்துக் கையாட்டினார்கள்!

கேன்சல் டிக்கெட்டில் போன இன்னொருவர்

வெயிட்டிங் லிஸ்ட்டில் சீட் கிடைப்பது கேவலமா? இல்லவே இல்லை. சாட்சி: தெற்கு சூடான்.

2011-ல்தான் சுதந்திரம் வாங்கிய நாடு. உள்நாட்டுச் சண்டையில் நொந்துபோன நாடு. ஆட்டக்காரர்களில் பலர் அகதிகளாக அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன குடும்பத்துப் பிள்ளைகள். 2020-ல் ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதிச்சுற்றிலிருந்து கொரோனாவைக் காரணம் சொல்லி அல்ஜீரியா விலக, காலியான இடம் இவர்களுக்குக் கிடைத்தது. நாம் 1980-ல் ஏறிய அதே மாதிரி கேன்சல் பெர்த்.

ஆனால் ஏறி உட்கார்ந்தவர்கள் தூங்கவில்லை. அங்கே கூடைப்பந்து சங்கத் தலைவர் லுவோல் டெங். என்.பி.ஏ.வில் ஆடி ஓய்வு பெற்றவர். அவர் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த பிள்ளைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 2021 ஆப்பிரிக்கக் கோப்பையில் காலிறுதி. 2023 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் 12 மேட்ச்சில் 11 வெற்றி. உலகக் கோப்பையில் அங்கோலாவை 101-78 என்று ஜெயித்து, ஆப்பிரிக்காவிலிருந்து நேரடியாக 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு டிக்கெட். ஒலிம்பிக்ஸுக்கு முன் லண்டனில் நடந்த பயிற்சி மேட்ச்சில் அமெரிக்காவிடம் 100-101 என்று ஒரே ஒரு பாயின்ட்டில் தோற்றபோது உலகமே வாயில் விரல் வைத்தது. பாரிஸில் போர்ட்டோ ரிக்கோவை ஜெயித்தும் காட்டினார்கள்.

நாலே வருஷம்! ஓசியில் கிடைத்த இடத்தை முதலாக வைத்து வியாபாரம் பண்ணிக் காட்டிய டீம். நாம் அதே முதலை 1980-ல் செலவுக் கணக்கில் எழுதிவிட்டோம். டிக்கெட் எப்படிக் கிடைத்தது என்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த தடவை நாமே கன்ஃபர்ம் பண்ணுகிற நிலைக்கு வந்தோமா என்பதுதான் விஷயம். அந்தக் கேள்விக்கு இந்தியா பதில் சொல்ல ஆரம்பித்த இடம்தான் பஹ்ரைனில் ஜெயித்த அந்த 81-77.

பக்கத்து சீட்டுக்காரர்

இதெல்லாம் சரி, இதில் ஆபீஸில் ஃபைல் தள்ளுகிற நமக்கு என்ன வேலை?

இருக்கிறது ஸார். இந்தியாவில் கூடைப்பந்து ஆடியே பிழைக்கிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். லீக் வந்தது, போனது, வேறொன்று வந்தது. ஆனால் இத்தனை வருஷமாக இந்த ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டது ரயில்வே, ஓ.என்.ஜி.சி., ராணுவம், வருமான வரித் துறை, இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் மாதிரி இடங்கள்தான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு வந்த, கொஞ்சம் உயரமான, மேஜைக்குக் கீழே கால் நீட்ட இடமில்லாமல் தவிக்கிற அந்த மனிதர்!

சென்னைக்காரரான அனிதா பால்துரையை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு ரயில்வேயில் வேலை. 2001 தொடங்கி 2017 வரை ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப்களில் ஆடியவர். பெண்களுக்கான ஆசியக் கோப்பையில் ஏ பிரிவு, பி பிரிவு என்று இரண்டு தட்டு. பி-யில் ஜெயித்தால்தான் ஏ-க்குப் பிரமோஷன். 2017-ல் பெங்களூரில் பி பிரிவு ஃபைனல். எதிராளி அங்கேயும் கஜகஸ்தான்தான். 75-73 என்று இரண்டே பாயின்ட்டில் இந்தியா ஜெயித்து மேலே ஏறியது. கேப்டன் அனிதா. 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அந்த இரண்டு பாயின்ட்டும், ஆண்கள் எடுத்த நாலு பாயின்ட்டும் மேட்ச் நடந்த அன்றைக்கு மட்டும் எடுத்ததா? பல வருஷம் விடிகாலையில் எழுந்து, பிராக்டீஸ் முடித்து, கேம்ப்புக்கு லீவு வாங்கி, திரும்பி வந்து குவிந்த வேலையை முடித்து எடுத்தது. புது முறையில் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஜன்னல் திறக்கும். ஒவ்வொரு தடவையும் கேம்ப், பயணம், மேட்ச். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு மேனேஜர் ‘ஆன் டியூட்டி’ கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். யாரோ ஒருவர் அவர் சீட் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த ‘யாரோ ஒருவர்’ நீங்களாக இருக்கலாம்.

அதனால் அடுத்த நவம்பரிலோ பிப்ரவரியிலோ பக்கத்து சீட்டு உயரமான ஆசாமி லீவு லெட்டரோடு வந்து நின்றால், “இவனுக்கென்னப்பா, விளையாடியே சம்பளம் வாங்குறான்” என்று முணுமுணுக்காதீர்கள். அவருடைய ஃபைலை இந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். “எந்த ஊர்ல மேட்ச்? யாரோட?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முடிந்தால் இன்னொன்றும் கேளுங்கள்:

“க்ரூப்ல நாம எத்தனாவது? எத்தனை பாயின்ட்ல ஜெயிச்சா மூணாவது வருவோம்?”

அவர் முகத்தைப் பாருங்கள். ஆபீஸில் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்ட முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்!